ரத்தம், ஊசி என்றாலே மயக்கம்: நர்சிங் படிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரத்தத்தைப் பார்த்தாலே கண் இருட்டுகிறது. நான் நர்சிங்கில் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். பயங்களிலேயே பயிற்சிக்கு நன்றாகக் கட்டுப்படும் வகைகளில் ரத்தம், ஊசி, காயம் பற்றிய பயமும் ஒன்று. ஆனால் "சேர்ந்த பிறகு போகப் போகப் பழகிவிடும்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சிலருக்கு அப்படித் தானாகப் பழகுவது உண்மைதான். இருந்தாலும் வார்டில் எது, எப்போது, எவ்வளவு கண்ணில் படும் என்பது நம் கையில் இல்லை. தயாராகாத நிலையில் பெரிய காயம் ஒன்றைப் பார்த்து மயங்கி விழுந்தால் பயம் இரட்டிப்பாகும். முதல் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு (மருத்துவமனை வார்டில் நேரடிப் பயிற்சி) ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே பயிற்சியைத் தொடங்கிவிட்டால் வேகத்தை நீங்களே தீர்மானிக்கலாம்.

எனக்கு இருப்பது எல்லோருக்கும் வரும் அருவருப்பா, ஃபோபியாவா?

முதல் முறை திறந்த புண்ணைப் பார்க்கும்போது முகம் சுளிக்காதவர்கள் குறைவு. அது ஃபோபியா ஆகாது. எதையெல்லாம் தவிர்க்கிறீர்கள் என்று பாருங்கள். சொந்த ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது, பல் வலித்தும் டாக்டரிடம் போகாமல் இருப்பது, செய்முறை வகுப்பன்று லீவு போடுவது, ஊசி போடும் முறை வந்தால் தோழியிடம் மாற்றிக்கொள்வது என்று ஆறு மாதத்துக்கு மேலாக நடந்துகொண்டிருந்தால், அதைப் பெயர் சொல்லி ஒத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

பாம்பைக் கண்டு பயப்படுபவர் மயங்குவதில்லையே. இதில் மட்டும் ஏன் மயக்கம்?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாமே இந்தக் கேள்வியின் பதிலைச் சார்ந்தவை. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பாம்பு, உயரம், இருட்டு போன்ற பயங்களில் இதயம் வேகமாகத் துடிக்கும், பிபி ஏறும், ஆபத்து விலகும்வரை ஏறியே இருக்கும். பிபி உயர்ந்திருக்கும்போது சாதாரணமாக மயக்கம் வராது. ரத்தம், ஊசி பயத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் பிபியும் துடிப்பும் ஏறும். பிறகு திடீரென, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் தூண்டுதலால் துடிப்பு குறையும், ரத்தக் குழாய்கள் விரியும், ரத்தம் கால்களில் தேங்கும், பிபி சரியும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்ததும் ஆள் சாய்கிறார்.

அந்தச் சரிவு தன் வரவைச் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. கொட்டாவி, கழுத்திலும் மேலுதட்டிலும் குளிர்ந்த வியர்வை, வயிற்றைப் புரட்டுதல், காது அடைத்துப் பேச்சுச் சத்தம் தூரத்திலிருந்து வருவதுபோல் கேட்பது, பார்வையின் ஓரங்கள் இருளுவது. இவற்றில் உங்களுக்கு முதலில் வருவது எது என்று கண்டுபிடித்து எழுதி வையுங்கள். பலருக்கு அது கொட்டாவிதான். தூக்கம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

இந்தப் பயம் குடும்பங்களில் தொடர்வதும் உண்டு. அப்பாவோ அத்தையோ ஊசி என்றால் மயங்குபவராக இருக்கலாம். "மனதில் தைரியம் இல்லை" என்று திட்டுபவர்களுக்கு இது தெரிவதில்லை. இது உடலின் அனிச்சைச் செயல். திட்டினால் பிபி ஏறாது. தசையை இறுக்கினால் ஏறும்.

"மூச்சை நல்லா இழுத்து விடு, ரிலாக்ஸ் ஆகு" என்கிறார்கள். அப்படிச் செய்தால் இன்னும் மோசமாகிறது. ஏன்?

மயங்கும் வகைக்காரருக்கு அது பொருந்தாத யோசனை. உடலைத் தளர்த்தினால் ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும் பிபி இன்னும் சரியும். வேகமாக ஆழ்ந்து மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். விரல் நுனி மரத்துப்போவதும் தலை லேசாவதும் அதனால்தான். மூச்சு சாதாரண அளவில், மெதுவாக இருந்தால் போதும்.

ஒருமுறைகூட மயங்கியதில்லை, மயக்கம் வருவதுபோலவும் இருந்ததில்லை, படபடப்பு மட்டும்தான் என்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் தளர்வுப் பயிற்சியைத் தாராளமாகச் செய்யலாம்.

அப்படியானால் மயங்கும் வகைக்காரர் என்ன செய்வது?

தசை இறுக்கப் பயிற்சி. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் 1980களில் முறைப்படுத்திய வழி இது. நாற்காலியும் கடிகாரமும் இருந்தால் போதும்.

1. பாதங்கள் தரையில் பதிய நாற்காலியில் உட்காருங்கள்.
2. இரு கை முஷ்டி, முன்கை, மேற்கை, வயிறு, தொடை, கெண்டைக்கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பல்லைக் கடிக்க வேண்டாம்.
3. 10 முதல் 15 வினாடி அப்படியே வைத்திருங்கள். முகத்தில் வெதுவெதுப்பாக ஓர் உணர்வு ஏறும். பிபி ஏறியதற்கு அதுதான் அடையாளம்.
4. இறுக்கத்தை விடுங்கள். ஆனால் தொய்ந்து சாயாதீர்கள். சாதாரணமாக உட்கார்ந்திருக்கும் நிலைக்கு மட்டும் வாருங்கள்.
5. 20 முதல் 30 வினாடி கழித்து மறுபடியும். இப்படி ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று.

ஒரு நாளைக்கு ஐந்து சுற்று, ஒரு வாரம். ரத்தப் படமோ ஊசியோ எதுவும் வேண்டாம், வெறும் பயிற்சி மட்டும். நர்சிங் மாணவருக்கு ஒரு வசதி உண்டு: பிபி கருவி பக்கத்திலேயே இருக்கும். இறுக்குவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். பிறகு கருவி கட்டிய கையை மட்டும் தளர்வாக விட்டு மற்ற எல்லாவற்றையும் இறுக்கியபடி ஒருமுறை பாருங்கள். மேல் எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்தால் அதுவே பாதி தைரியம் தரும்.

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய், கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பயிற்சி செய்தால் தலை வலிக்கிறது. சிலசமயம் விட்டவுடன் தலை சுற்றுகிறது.

தலைவலி வந்தால் அளவுக்கு மீறி இறுக்குகிறீர்கள், அல்லது கழுத்தையும் தாடையையும் சேர்த்து இறுக்குகிறீர்கள். பலத்தைப் பாதியாகக் குறைத்து, இடைவெளியை 30 வினாடிக்கு மேல் விடுங்கள். தலைசுற்றலுக்குக் காரணம் பெரும்பாலும் மூச்சை அடக்கி முக்குவது. முக்கிவிட்டு விடும்போது பிபி சட்டென்று விழும். இறுக்கும்போது ஒன்று முதல் பத்து வரை வாய்விட்டு எண்ணுங்கள். எண்ண முடிந்தால் மூச்சு ஓடுகிறது என்று அர்த்தம்.

கையில் ஊசி பிடித்திருக்கும்போது முஷ்டியை எப்படி இறுக்குவது?

இறுக்கக் கூடாது. அங்கே இடுப்புக்குக் கீழே மட்டும்: பிட்டம், தொடை, கெண்டைக்கால், கூடவே வயிறு. கை இரண்டும் சுதந்திரமாக இருக்க வேண்டும். இதைத் தனியாகப் பழக வேண்டும். வீட்டில் நின்றபடி கால்களை இறுக்கிக்கொண்டே தையல் ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். முதலில் கை நடுங்கும், நூல் காதுக்குள் போகாமல் விலகும். கால் இறுகியிருக்கும்போதே முதல் முயற்சியில் நூல் நுழையும் நாள் வந்தால், நோயாளியின் பக்கத்தில் நிற்கத் தயாராகிவிட்டீர்கள்.

நிற்கும்போது முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொள்ளாதீர்கள். கெண்டைத் தசை அசையாவிட்டால் ரத்தம் காலிலேயே தங்கிவிடும். குதிகாலிலிருந்து முன்பாதத்துக்கு எடையை மாற்றிக்கொண்டே இருங்கள்.

உங்களுக்கே ஊசி போடும்போது நிலைமை தலைகீழ். ஊசி போடும் கையைத் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் வலி கூடும். மற்றக் கையையும் கால்களையும் இறுக்குங்கள்.

அடுத்து என்ன? ரத்தத்தை எப்படிப் பழகுவது?

பயப் படிக்கட்டு. பயம் தரும் காட்சிகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, சின்னதிலிருந்து பெரியதாக அடுக்குவது. பத்து முதல் பதினைந்து படிகள் வரட்டும்.

படிகள் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குச் சிவப்பு நிறம் பிரச்சினை, இன்னொருவருக்குத் தோல் குழிந்து ஊசி உள்ளே போகும் அந்த நொடி, வேறொருவருக்கு ஸ்பிரிட் பஞ்சின் வாசனை. உங்களுடையது எது என்று தெரியாமல் யாரோ போட்ட பட்டியலைப் பின்பற்றினால் கஷ்டமான படி திடீரென்று குறுக்கே வந்து நிற்கும்.

ஒரு மாதிரி: ரத்தம் எடுப்பதைப் பற்றி எழுத்தில் படிப்பது. கோட்டுப் படம். கறுப்பு வெள்ளைப் புகைப்படம். வண்ணப் புகைப்படம். சத்தமில்லாமல் வீடியோ, பிறகு சத்தத்துடன், பிறகு ஊசி நுழையும் இடத்தில் நிறுத்தி உற்றுப் பார்ப்பது. மூடி போட்ட சிரிஞ்சைக் கையில் வைத்திருப்பது. ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் உறிஞ்சி வெளியேற்றுவது, பிறகு சோள மாவு கலந்த சிவப்பு நிறத் தண்ணீர். செய்முறை அறையில் செயற்கைப் பயிற்சிக் கையில் கேனுலா (ரத்த நாளத்தில் வைக்கும் மெல்லிய குழாய்) செலுத்துவது: ஊசியின் பின்புறக் குமிழில் சிவப்பு திடீரென ஏறும் கணத்தைக் கண்ணை விலக்காமல் பார்க்க வேண்டும், ஏனென்றால் ரத்த நாளம் கிடைத்துவிட்டது என்று சொல்வதே அதுதான். பிறகு வார்டில் யாருக்கோ ரத்தம் எடுக்கும்போது மூன்று மீட்டர் தள்ளி நிற்பது, ஒரு மீட்டரில் நிற்பது, ரத்த மாதிரிக் குழாய்களை வாங்கி லேபிள் ஒட்டுவது.

இந்த லேபிள் ஒட்டும் படியை எளிதாக நினைக்காதீர்கள். அப்போதுதான் எடுத்த ரத்த மாதிரிக் குழாய் கிளவுஸையும் மீறி உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருக்கும். பார்ப்பதற்குப் பழகியவர்கள்கூட அந்தச் சூட்டில் தடுமாறுவார்கள். அதற்கென்று ஒரு படியைத் தனியாக வையுங்கள்.

கடைசியில் ஆசிரியர் மேற்பார்வையில் நீங்களே ரத்தம் எடுப்பது, தையல் போட்ட காயத்துக்கு டிரெஸ்ஸிங் மாற்றுவது, ஆறாத ஆழப் புண்ணைச் சுத்தம் செய்வது. மூடி திறந்த ஊசி வரும் எந்தப் படியையும் வீட்டில் தனியாகச் செய்ய வேண்டாம். செய்முறை அறையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

ஒரு படியில் எவ்வளவு நேரம் நிற்பது?

பயம் பாதியாகக் குறையும்வரை. 7 என்று தொடங்கினால் 3 அல்லது 4 வரும்வரை. சிலருக்கு இருபது நிமிடம், சிலருக்கு நாற்பது. வாரத்தில் நான்கைந்து நாள் செய்யுங்கள். ஒரே படி வெவ்வேறு நாட்களில் இரண்டு மூன்று முறை 3க்கு மேல் ஏறாவிட்டால் அடுத்ததற்குப் போகலாம்.

நடுவில் மயக்க அறிகுறி வந்தால் தசையை இறுக்குங்கள், காட்சியை விட்டு ஓடாதீர்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடினால் "ஓடியதால்தான் தப்பித்தேன்" என்று மூளை கற்றுக்கொள்ளும். உண்மையிலேயே மயங்கிவிட்டால் படுத்து நன்றாகத் தேறிய பிறகு, முடிந்தால் அன்றைக்கே ஒரு படி கீழே இறங்கி முடித்துவிட்டு எழுங்கள்.

மாதக் கணக்கில் செய்கிறேன், முன்னேற்றமே இல்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் ஒளிந்திருக்கும் தவிர்ப்புதான் காரணம். கண் வீடியோவில் இருக்கும், மனம் வேறெங்கோ இருக்கும். ஊசி நுழையும்போது மட்டும் இமை மூடிக்கொள்ளும். நோயாளியின் கையைப் பார்ப்பதற்குப் பதிலாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பீர்கள். உங்களுக்கே தெரியாமல் நடப்பதால், பார்த்ததை வாய்விட்டு வர்ணியுங்கள்: "தோல் குழிகிறது, ஊசி சாய்வாகப் போகிறது, குமிழில் சிவப்பு வருகிறது". வர்ணிக்கும்போது ஏமாற்ற முடியாது.

அடுத்த காரணம் இடைவெளி. ஞாயிறன்று மூன்று மணி நேரம் செய்துவிட்டு வாரம் முழுக்க விட்டால் பழகாது. மூன்றாவது, அறிகுறி முற்றிய பிறகு தசையை இறுக்கத் தொடங்குவது. கொட்டாவி வரும்போதே தொடங்க வேண்டும். கண் இருட்டிய பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

ஆபரேஷன் தியேட்டரில் முதல் நாள். எப்படித் தயாராவது?

வெறும் வயிற்றில் போகாதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு சாப்பிட்டு, அரை மணி நேரம் முன்பு சுமார் 500 மில்லி தண்ணீர் குடியுங்கள். முந்தைய இரவு தூக்கம் குறைந்திருந்தால் பொறுப்பு சிஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தியேட்டரில் மயங்குபவர்கள் எல்லோரும் ரத்த பயக்காரர்கள் அல்லர். மாஸ்க்குக்குள் சூடான மூச்சு, காற்றுப் புகாத கவுன், விளக்கின் சூடு, மணிக்கணக்கில் அசையாமல் நிற்பது, திசுவை மின்கருவியால் சுடும்போது வரும் தீய்ந்த வாசனை எல்லாம் சேர்ந்துதான் சாய்க்கின்றன. இதைத் தெரிந்து வைத்திருந்தால் "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணம் வராது.

முதல் நாள் கைகழுவிக் கவுன் போட்டு மேசையருகே போக வேண்டாம். சுவரோரம் நின்று மயக்க மருந்து கொடுப்பவர் பக்கத்து மானிட்டரைப் பாருங்கள், கருவித் தட்டைப் பாருங்கள், பிறகு அறுவை நடக்கும் இடத்தை ஐந்து வினாடி, பத்து வினாடி, அரை நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போங்கள். பலருக்குத் தோலில் முதல் கீறல் விழும் நேரம்தான் கடினம். அதைத் தாண்டிவிட்டால் பச்சைத் துணிக்கு நடுவே தெரிவது வேலை நடக்கும் ஒரு சிறு சதுரம் மட்டுமே.

மயக்கம் வந்தேவிட்டது. அந்த நிமிடம் என்ன செய்வது?

பின்னால் நகருங்கள். நோயாளியை நோக்கியோ, கிருமிநீக்கம் செய்த தட்டுகளை நோக்கியோ ஒருபோதும் சாயாதீர்கள். பிடிமானத்துக்கு டிராலியைப் பிடிக்காதீர்கள், சக்கரம் உருண்டுவிடும். கையில் ஊசி இருந்தால் தட்டில் வைத்துவிட்டு "எனக்குத் தலை சுற்றுகிறது" என்று உரக்கச் சொல்லுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருங்கள், முடிந்தால் படுத்துக் கால்களை உயர்த்துங்கள். வெட்கப்பட்டு நின்றுகொண்டே சமாளிப்பவர்கள்தான் மேசை விளிம்பில் தலை இடித்துக்கொள்கிறார்கள்.

தெளிந்தவுடன் எழாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருந்து, உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள். சட்டென்று எழுந்தால் இரண்டாவது மயக்கம் வரும்.

எனக்கு ரத்தம் பரவாயில்லை. வாந்தியும் சீழும்தான் தாங்க முடியவில்லை.

அது அருவருப்பு. பயத்தைவிட மெதுவாகத்தான் இறங்கும், எனவே ஒவ்வொரு படியையும் கூடுதல் முறை செய்ய வேண்டியிருக்கும். குமட்டலுக்குத் தசை இறுக்கம் உதவாது. படிக்கட்டு முறை உதவும்: சத்தம், படம், வாசனை, கையாளுதல் என்று.

வேலையைக் கையில் எடுப்பதும் பெரிய துணை. நோயாளி வாந்தி எடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் தலையை ஒருக்களித்துத் திருப்ப வேண்டும், கிட்னி டிரேயைத் தாடையோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், வந்தது என்ன நிறம், எவ்வளவு, ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். கவனிக்க வேண்டியது இருக்கும்போது பார்வை மாறும். மாஸ்க்கில் தைலம் தடவுவது முதல் சில நாட்களுக்குச் சரி. அது இல்லாமல் வார்டுக்கே போக முடியாது என்ற நிலைக்கு விடாதீர்கள்.

ஊசி என் கையில் குத்திவிட்டால்? அந்த நினைப்பிலேயே கை நடுங்குகிறது.

இந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. எனவே பழகுவதோடு பாதுகாப்பும் வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்கள் என மூன்று தவணை. கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு பார்த்து, 10 mIU/mLக்குக் குறையாமல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். கூர்முனைப் பெட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மாற்றச் சொல்லுங்கள். பிதுங்கி நிற்கும் பெட்டியில் திணிக்கும்போது குத்துவது வழக்கம்.

குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே தெரிவியுங்கள். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து.

மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போகலாமா?

வேண்டாம். படபடப்புக்குச் சிலர் போடும் புரோப்ரனலால் என்ற மாத்திரை துடிப்பையும் பிபியையும் குறைக்கும். மயங்கும் வகைக்காரருக்கு அது தேவையில்லாத திசை. டயசெபாம் வகை மாத்திரைகள் தூக்கத்தைத் தரும், மருந்தளவு கணக்கிடும் கைக்கு அது ஆகாது. பழகிக்கொள்ளும் வேகத்தையும் கெடுக்கலாம்.

ஆசிரியரிடம் சொல்லலாமா? பெயர் கெட்டுவிடுமா?

சொல்லுங்கள், போஸ்டிங் தொடங்கும் முன்பே. விலக்குக் கேட்காதீர்கள், வரிசை கேளுங்கள்: "மேடம், ரத்தம் எடுப்பதைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். முதல் வாரம் பக்கத்தில் நின்று பார்க்கவும், இரண்டாம் வாரம் உதவி செய்யவும், அதன் பிறகு நானே எடுக்கவும் அனுமதிக்க முடியுமா?" திட்டத்தோடு வரும் மாணவரை அனுபவமுள்ள ஆசிரியர்கள் மதிப்பார்கள்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

ரத்தமோ ஊசியோ இல்லாத நேரத்தில் மயங்கினால், ஓடும்போதோ படி ஏறும்போதோ மயங்கினால், படுத்திருக்கும்போது மயங்கினால், மயக்கத்துக்கு முன் நெஞ்சு வலியோ தாறுமாறான துடிப்போ இருந்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென இறந்திருந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு முதலில் இதயப் பரிசோதனை செய்யுங்கள். பயம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாத அறிகுறிகள் இவை.

நான்கைந்து வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒரு படிகூட ஏற முடியாவிட்டால், பழைய விபத்தோ சிகிச்சையோ கனவில் வந்து தொந்தரவு செய்தால், உளவியல் சிகிச்சை தருபவரைப் பாருங்கள். ஓஸ்ட் வகுத்த முறையில் நேரடிப் பயிற்சி ஐந்து அமர்வுகள்தான்.

சரியான பிறகு திரும்ப வருமா?

வரலாம். நீண்ட விடுமுறைக்குப் பிறகு, அல்லது ரத்தம் அதிகம் இல்லாத பிரிவில் பல மாதம் வேலை செய்த பிறகு முதல் நாள் கொட்டாவி தலைகாட்டும். பயந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தசை இறுக்கப் பயிற்சியை மூன்று நாள் செய்து, படிக்கட்டின் நடுவிலிருந்து ஏறுங்கள். முதல் முறை மாதங்கள் எடுத்தது இம்முறை பெரும்பாலும் சில நாட்களில் முடியும்.